ராக்ஸ்பரோ கிளப் சாப்பிட்டதும் அச்சிட்டதும்

"இன்றும் இயங்கிவரும் புத்தகப் பிரியர் சங்கங்களில் மிகப் பழையது லண்டனின் ராக்ஸ்பரோ கிளப் என்று படித்தேன். நாற்பது பேருக்கு மேல் சேர்ப்பதில்லையாம். பிரபுக்கள் கூடிச் சாப்பிட்டதைத் தவிர இந்தக் கிளப் உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறதா?" இதுதான் கேள்வி.

சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். முதல் பதினைந்து வருடக் கதையைத் தேடிப் போனால் புத்தகத்தைவிட விருந்துச் செய்திதான் அதிகம் கண்ணில் படும். ஆனாலும் அந்தக் கிளப்பில் ஒரு விதி இருந்தது. உறுப்பினராக இருப்பவர் தன் சொந்தச் செலவில் ஒரு புத்தகத்தை அச்சிட்டு, மற்ற உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டும். பாதி விளையாட்டாகப் போட்ட விதி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் 200 வருடம் தாண்டியும் அந்தக் கிளப்பின் பெயர் நிற்பதற்கு இந்த விதிதான் காரணம் என்று நினைக்கிறேன். அது எப்படி என்று சொல்ல, கிளப்புக்குப் பெயர் கொடுத்த மனிதரிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் அந்தக் கிளப்பில் ஒருநாளும் இருந்ததில்லை. அது பிறப்பதற்கு எட்டு வருடம் முன்பே இறந்துவிட்டார்.

ஜான் கெர், மூன்றாவது ராக்ஸ்பரோ டியூக், 1740-இல் பிறந்தவர். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு ஒரு காதல் கதை சொல்வார்கள். ஜெர்மனியில் மெக்லன்பர்க் அரச குடும்பத்துப் பெண் கிறிஸ்டியானாவை அவர் விரும்பினாராம். அந்த நேரம் பார்த்து அவளுடைய தங்கை சார்லட்டுக்கும் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கும் திருமணம் நிச்சயமாயிற்று. தங்கை ராணியாகிற நாட்டில் அக்கா ஒரு குடிமகனுக்கு வாழ்க்கைப்படுவது முறையில்லை என்று பிரித்துவிட்டார்களாம். கதையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு புளி என்பது வேறு விஷயம். மனிதர் தன் நேரத்தையும் பணத்தையும் புத்தகத்தில் கொட்டினார் என்பது மட்டும் நிச்சயம். இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் வில்லியம் காக்ஸ்டன் போட்ட புத்தகங்கள், ஆர்தர் மன்னன் காலத்து வீரக் கதைகள், பழைய நாடகங்கள், தெருவில் பாடி விற்ற ஒற்றைத்தாள் பாட்டுகள் எல்லாம் அவரிடம் சேர்ந்தன. அந்தப் பாட்டுத் தாள்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் 'ராக்ஸ்பரோ பாட்டுகள்' என்ற பெயரிலேயே இருக்கின்றன.

1804-இல் டியூக் இறந்தார். பட்டம் தூரத்து உறவினர் ஒருவருக்குப் போனது. அவரும் மறுவருடமே போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரிசு யார் என்று வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 1812-இல்தான் தீர்ப்பாயிற்று. அந்த வருடமே நூலகம் ஏலத்துக்கு வந்தது.

அதற்குள் ஊரில் புத்தகப் பித்து தலைக்கேறியிருந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் கலைந்த பெரிய வீட்டு நூலகங்களும் மடாலய நூலகங்களும் வியாபாரிகள் கைக்கு வந்திருந்தன. நெப்போலியனோடு போர் நடந்ததால் இங்கிலாந்துப் பணக்காரர்கள் பழையபடி ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போக முடியவில்லை. கையில் பணம், வீட்டில் அலமாரி. 1809-இல் ஜான் ஃபெரியார் என்ற மருத்துவர் 'பிப்ளியோமேனியா' என்று இந்தப் பித்தைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். அதே வருடம் தாமஸ் ஃப்ராக்னால் டிப்டின் என்ற பாதிரியார் அதே பெயரில் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். நோயின் அறிகுறிகள் என்று எட்டை அதில் வரிசைப்படுத்தினார். அகலத் தாளில் அச்சான பிரதி, ஓரம் வெட்டாத பிரதி, தோலில் அச்சான பிரதி, முதல் பதிப்பு, 'கறுப்பெழுத்து' என்று சொல்லும் பழைய கோணல் எழுத்தில் அச்சானது என்று பட்டியல் போகிறது. இதில் 'படித்தல்' என்று ஓர் அறிகுறி கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

டிப்டின் இந்தக் கதையின் முக்கியமான ஆள். கடன் தொல்லை தீராத பாதிரியார். பணக்காரர்களின் புத்தக அலமாரிகளைப் பற்றி வாயில் நீர் ஊற எழுதுவதே அவர் பிழைப்பு. தகவலில் பிழை மலிந்தவர் என்று பிற்கால நூலியல் அறிஞர்கள் அவரை ஒரு கை பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஏலத்தின் உஷ்ணம் நமக்கு இன்றும் தெரிவது அவர் எழுதிவைத்ததால்தான்.

1812 மே 18 அன்று, செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் டியூக்கின் வீட்டுச் சாப்பாட்டு அறையிலேயே ஏலம் தொடங்கியது. ஒரு வாரம் முன்புதான் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலை நாடாளுமன்ற வாசலுக்குள்ளேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஊர் கலங்கிக் கிடந்தது. புத்தகக்காரர்கள் மட்டும் கலங்கவில்லை. ஏலம் ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்தது, மொத்தம் 23,000 பவுண்டுக்கு மேல் வசூலாயிற்று. ஆங்கிலத்தில் அச்சான முதல் புத்தகமான காக்ஸ்டனின் டிராய் கதைத் தொகுப்பில் ஒரு பிரதி 1,060 பவுண்டுக்கு மேல் போனது. வாங்கியவர் டெவன்ஷர் டியூக். அவரே ஷேக்ஸ்பியரின் 1623-ஆம் ஆண்டு முதல் தொகுப்பை வெறும் 100 பவுண்டுக்கு எடுத்தார். அன்றைய ருசி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு இந்த இரண்டு விலையே போதும்.

எல்லோரும் காத்திருந்தது வேறொரு புத்தகத்துக்கு. இத்தாலிய எழுத்தாளர் போக்காச்சியோவின் 'டெக்கமரான்' கதைகளை 1471-இல் வெனிஸில் கிறிஸ்டோஃபர் வால்டார்ஃபர் என்பவர் அச்சிட்டார். அந்தப் பதிப்பில் ஒரு தாளும் குறையாத பிரதி என்று அன்று தெரிந்திருந்தது உலகத்திலேயே இது ஒன்றுதான். ராக்ஸ்பரோ குடும்பத்துக்கு இது வந்த கதையும் சுவையானது. முந்தைய தலைமுறையில் இதை 100 கினிக்கு (கினி என்பது பவுண்டைவிடச் சற்றே கூடிய அன்றைய கணக்கு) ஒரு வியாபாரி கொண்டுவந்தாராம். ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவும் சண்டர்லாந்து பிரபுவும் விலை ஜாஸ்தி என்று யோசித்துக்கொண்டிருந்த இடைவெளியில் ராக்ஸ்பரோ வீட்டார் அமுக்கிவிட்டார்களாம்.

ஜூன் 17 அன்று அது ஏலத்துக்கு வந்தது. முக்கியப் போட்டி இரண்டு பேருக்குள். ஒருவர் இரண்டாவது ஏர்ல் ஸ்பென்சர். பிரிட்டிஷ் கடற்படைத் துறையின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆல்தார்ப் மாளிகையில் நாட்டின் மிகச் சிறந்த தனியார் நூலகத்தை வைத்திருந்தவர். மற்றவர் பிளாண்ட்ஃபோர்டு மார்க்விஸ், பின்னாளில் மார்ல்பரோ டியூக் ஆனவர். விலை நூறு நூறாக ஏறி ஆயிரத்தைத் தாண்டியது, இரண்டாயிரத்தைத் தாண்டியது. ஸ்பென்சர் 2,250 பவுண்டு என்றார். பிளாண்ட்ஃபோர்டு அமைதியாகப் 'பத்து' சேர்த்தார். 2,260. சுத்தியல் விழுந்தது. பண்ணைத் தொழிலாளி ஒருவர் வருடம் முழுக்க உழைத்தால் 30 பவுண்டு அளவில் கிடைத்த காலம் அது. அந்தச் சுத்தியலின் எதிரொலி இத்தாலி நூலகங்கள் வரை கேட்டது என்று டிப்டின் எழுதினார். அவர் அப்படித்தான் எழுதுவார். ஆனால் ஒரு புத்தகத்துக்கு அதுவரை கொடுத்த அதிகபட்ச விலை அது, அந்தச் சாதனை வெகுகாலம் உடையவில்லை என்பது உண்மை.

அன்று ராத்திரிதான் கிளப் பிறந்தது. 'டெக்கமரான்' விற்கிற நாளில் நாம் எல்லோரும் கூடிச் சாப்பிட வேண்டும் என்று டிப்டின் முன்கூட்டியே நண்பர்களிடம் பேசி வைத்திருந்தார். செயின்ட் ஆல்பன்ஸ் விடுதியில் பதினெட்டு பேர் சேர்ந்தார்கள். தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர் ஏர்ல் ஸ்பென்சர். மதியம் ஏலத்தில் தோற்றவர் ராத்திரி விருந்துக்குத் தலைவர்! அவரே கிளப்பின் முதல் தலைவரும் ஆனார், டிப்டின் துணைத் தலைவர். ஒவ்வொரு வருடமும் ஜூன் 17 அன்று இதேபோல் கூடுவது என்று முடிவாயிற்று.

விருந்தில் கோப்பை உயர்த்தி வாழ்த்து சொல்லும் வழக்கம் உண்டல்லவா? அதற்கும் ஒரு வரிசை வகுத்தார்கள். முதலில் ராக்ஸ்பரோ டியூக்கின் நினைவுக்கு. அடுத்து 1471 'டெக்கமரானை' அச்சிட்ட வால்டார்ஃபருக்கு. பிறகு அச்சுக் கலையைக் கண்டுபிடித்த கூட்டன்பர்க் கூட்டத்துக்கு, காக்ஸ்டனுக்கு, அவருக்குப் பின் வந்த இங்கிலாந்து அச்சுக்காரர்களுக்கு, வெனிஸின் ஆல்டஸ் குடும்பத்துக்கு என்று போய், கடைசியில் உலகெங்கும் உள்ள புத்தகப் பித்துக்கு ஒரு கோப்பை. மன்னர் பெயர் சொல்லிக் கோப்பை தூக்கிப் பழகிய பிரபுக்கள், மூன்றரை நூற்றாண்டுக்கு முன் வெனிஸில் ஈய எழுத்துக் கோத்த ஒரு தொழிலாளியின் பெயரைச் சொல்லித் தூக்கினார்கள். எனக்கு இந்தக் கிளப்பின் மேல் முதலில் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான்.

உறுப்பினர்கள் எல்லோரும் பிரபுக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வழக்கறிஞர்கள் இருந்தார்கள், தபால் துறையின் செயலாளர் சர் ஃபிரான்சிஸ் ஃப்ரீலிங் இருந்தார். ரிச்சர்டு ஹீபர் என்று ஒருவர். ஒரு புத்தகத்தில் மூன்று பிரதி வேண்டும் என்பது அவர் கொள்கை: காட்டுவதற்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று, இரவல் கொடுக்க ஒன்று. இங்கிலாந்திலும் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆன்ட்வெர்ப், கென்ட் நகரங்களிலும் வீடு வீடாக அவர் புத்தகம் அடுக்கி வைத்திருந்தார். அவர் 1833-இல் இறந்தபின் அதை விற்று முடிக்க வருடங்கள் ஆயின. இரவல் கொடுக்கவென்றே ஒரு பிரதி வாங்கியவரை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. எண்ணிக்கை முதலில் 24 என்று இருந்து, 31 ஆகி, பிறகு 40 ஆயிற்று. அந்த 40 இன்றும் மாறவில்லை. ஓர் இடம் காலியானால்தான் அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

சரி, அந்த விதிக்கு வருவோம். தொடங்கிவைத்தவர் வில்லியம் போலண்ட் என்ற வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. 1814 விருந்தில் அவர் ஒரு புத்தகத்தை மறுஅச்சு செய்து எல்லோருக்கும் கொடுத்தார். ஹென்றி ஹவர்டு, சர்ரே பிரபு, 16-ஆம் நூற்றாண்டில் ரோமானியக் கவி வர்ஜிலின் காவியத்திலிருந்து இரண்டு காண்டங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். அதுதான் புத்தகம். எதுகை இல்லாமல் நடக்கும் 'பிளாங்க் வெர்ஸ்' என்ற யாப்பை ஆங்கிலத்தில் முதலில் எழுதிப் பார்த்தவர் சர்ரேதான். ஷேக்ஸ்பியரும் மில்டனும் நடந்த பாதை அது. முதல் தேர்வே நல்ல தேர்வு. அடுத்தடுத்த வருடங்களில் மற்றவர்களும் தங்கள் முறைக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்தப் புத்தகங்களுக்கென்று ஒரு தோற்றமும் அமைந்தது. முதுகில் மட்டும் அலங்காரமில்லாத தோல், அதில் தங்க எழுத்தில் தலைப்பு, அட்டையின் இரு பக்கமும் அடர் சிவப்புத் தாள். புத்தகம் கட்டுவோர் மத்தியில் 'ராக்ஸ்பரோ கட்டு' என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. உள்ளே உறுப்பினர் பட்டியல் அச்சாகியிருக்கும். யாருக்கு அந்தப் பிரதியோ அவர் பெயர் மட்டும் சிவப்பில். அதாவது முப்பது பேருக்கு முப்பது பிரதி என்றால், ஒவ்வொரு பிரதிக்கும் அந்தப் பக்கத்தைத் தனித்தனியாக மாற்றி அச்சடிக்க வேண்டும். அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் என்ன முனகியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பேன்.

ஆனால் ஆரம்ப காலப் புத்தகங்களில் பல சொத்தை. அரிதாகக் கிடைக்கிறது என்ற ஒரே தகுதியில் பழைய சில்லறைக் கவிதைகளை எடுத்து, முன்னுரையும் குறிப்பும் இல்லாமல், பிழையோடு மறுஅச்சு செய்தார்கள். முப்பது சொச்சம் பிரதி அச்சிட்டால் அரிய புத்தகம் இன்னும் அரியதாகத்தானே இருக்கும்! பொதுமக்கள் படிக்க வேண்டும் என்று யாருக்கும் எண்ணமில்லை. விதிவிலக்கு உண்டு. ஜேம்ஸ் ஹேவுட் மார்க்லண்ட் 1818-இல் செஸ்டர் நகரத்துப் பழைய சமய நாடகங்களில் இரண்டை ஆராய்ச்சி முன்னுரையோடு பதிப்பித்தார். அது உருப்படியான வேலை. அப்படிப்பட்டவர்கள் குறைவு.

இந்தக் காலத்தின் மானம் கப்பலேறியது ஜோசப் ஹேஸில்வுட் என்பவரால். நிறுவனர்களில் ஒருவர், தொழில் வக்கீல், பெரிய படிப்பு இல்லாவிட்டாலும் பழைய புத்தகத்தில் உண்மையான ஆசை உள்ளவர். வருடா வருடம் விருந்தில் என்ன சாப்பிட்டார்கள், யார் என்ன பேசினார்கள், பில் எவ்வளவு என்று ஒன்று விடாமல் எழுதி வைத்தார். ஆமைக்கறிகூட அதில் இடம்பெற்றது. 'ராக்ஸ்பரோ கூத்துகள்' என்று தலைப்பும் கொடுத்தார். தனக்காக எழுதியதுதான். 1833-இல் அவர் இறந்ததும் அவருடைய புத்தகங்களோடு இந்தக் கையெழுத்துப் பிரதியும் ஏலத்துக்குப் போய்விட்டது. 1834-இல் 'அதீனியம்' வார இதழ் அதிலிருந்து பகுதி பகுதியாக எடுத்துப் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தது. அவருடைய எழுத்துப் பிழையைக்கூட விடவில்லை. புத்தகங்களைச் சேர்த்தவர் தன் புத்தகங்களோடு சேர்ந்தே ஏலத்தில் மாட்டிக்கொண்டார், பாவம். இந்தக் கேள்வியில் உள்ள 'சாப்பிட்டதைத் தவிர' என்ற சந்தேகம் இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு முக்கியக் காரணம் ஹேஸில்வுட்தான்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1823-இல் ஓர் இடம் காலியானபோது 'வேவர்லி' நாவலின் ஆசிரியரைச் சேர்ப்பதென்று கிளப் தீர்மானித்தது. அந்த நாவல்கள் பெயரில்லாமல் வந்துகொண்டிருந்தன. எழுதுவது சர் வால்டர் ஸ்காட் என்று ஊருக்கே தெரியும், அவர் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். டிப்டின் குறும்பாக ஸ்காட்டுக்கே கடிதம் எழுதினார். ஸ்காட் அதைவிடக் குறும்பாக, அந்த ஆசிரியர் எப்போது வெளியே வருவாரோ தெரியாது, அதுவரை அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று பதில் போட்டார். அப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. அதே வருடம் எடின்பரோவில் இதே மாதிரியில் பானட்டைன் கிளப்பைத் தொடங்கினார். அது ஸ்காட்லாந்தின் பழைய வரலாற்று ஆவணங்களை வரிசையாக அச்சேற்றியது. கிளாஸ்கோவில் மெய்ட்லண்ட் கிளப், வட இங்கிலாந்தில் சர்டீஸ் சங்கம், லண்டனில் கேம்டன் சங்கம் என்று 1838-க்குள் இந்த வழியில் ஒரு வரிசையே உருவாயிற்று. உறுப்பினர் செலவில் பழைய நூலைப் பதிப்பிப்பது என்ற யோசனையைப் பிள்ளைகள் தாயைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

தாய்க்கும் புத்தி வந்தது. 1820-களில் கிளப் ஒரு முடிவெடுத்தது. தனித்தனியே ஆளுக்கொன்று அச்சிடுவது போக, எல்லோரும் பணம் போட்டு, வேலை தெரிந்த ஓர் அறிஞரை வைத்துப் பதிப்பிக்கலாம் என்று. அந்த முதல் புத்தகம் 1828-இல் வந்த 'டென்மார்க்கின் ஹேவலாக்'. பதிப்பித்தவர் ஃபிரெடரிக் மேடன், பிற்காலத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கையெழுத்துப் பிரதிகளுக்குப் பொறுப்பாளர். சுமார் 1300-ஐ ஒட்டிய அந்த நெடுங்கதைப் பாட்டு தொலைந்தே போனது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில், புனிதர்களின் வாழ்க்கைக் கதைகள் அடங்கிய ஓர் ஏட்டுக்குள் அது ஒளிந்திருப்பதை மேடன் கண்டுபிடித்தார். கொல்லச் சொல்லி ஒப்படைத்த குழந்தையின் வாயிலிருந்து ராத்திரியில் ஒளி வருவதைப் பார்த்து, இவன் அரச குமாரன் என்று அறிந்து காப்பாற்றி வளர்க்கிறான் கிரிம் என்ற மீனவன். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தின் பெயர் அந்த மீனவனிடமிருந்து வந்தது என்கிறது கதை. பழைய ஆங்கிலம் எப்படி இன்றைய ஆங்கிலமாக மாறியது என்று படிக்கிற யாரும் ஹேவலாக்கைத் தாண்டிப் போக முடியாது. மேடன் அகராதிக் குறிப்புகளோடு அதைக் கொடுத்தார். கறுப்பெழுத்துச் சில்லறைகளுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். அவரே இன்னும் சில நூல்களையும் கிளப்புக்காகப் பதிப்பித்தார்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நூல் நல்ல நூல், பதிப்பும் நல்ல பதிப்பு, ஆனால் கைக்கு எட்டாது. சில டஜன் பிரதிகள், அவையும் மாளிகை அலமாரிகளில். இதை அனுபவத்தில் உணர்ந்தவர் ஃபிரெடரிக் ஃபர்னிவல். அவரும் 1862-இல் ராக்ஸ்பரோ கிளப்புக்காக ஒரு பழைய அறநூலைப் பதிப்பித்தவர்தான். இரண்டு வருடம் கழித்து, 1864-இல், 'பழைய ஆங்கில நூல் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார். வருடத்துக்கு ஒரு கினி கட்டினால் யாருக்கும் புத்தகம் வரும். பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியாக வளர்ந்த பெரிய வேலைக்குப் பழைய சொற்களின் உதாரணங்கள் வேண்டியிருந்தன, அவற்றைத் தந்ததில் இந்தச் சங்கத்தின் பதிப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ராக்ஸ்பரோ கிளப் அகராதிக்குக் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் எப்படிப் பதிப்பிக்க வேண்டும் என்பதையும், இத்தனை குறைவாக அச்சிட்டால் பயனில்லை என்பதையும் ஒருசேரக் காட்டிய இடம் அதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியை நான் வேகமாகத் தாண்டுகிறேன். தலைவர்கள் மாறினார்கள், புத்தகங்கள் வந்தன. அடுத்த திருப்பம் புகைப்பட அச்சு வந்தபோது. அதுவரை எழுத்தைத்தான் மறுஅச்சு செய்ய முடிந்தது. இப்போது ஓவியம் தீட்டிய ஏட்டைப் பக்கம் பக்கமாக அப்படியே நகலெடுத்துப் போடலாம். உறுப்பினர்களோ அப்படிப்பட்ட ஏடுகளை வீட்டில் வைத்திருக்கும் குடும்பத்தார். இரண்டும் நன்றாகப் பொருந்திவிட்டன. பேய்க்கதைகளால் இன்று பிரபலமாயிருக்கும் எம். ஆர். ஜேம்ஸ், தொழிலால் பழைய ஏடுகளின் அறிஞர். பைபிளின் கடைசிப் பகுதியான வெளிப்பாட்டு நூலை ஓவியங்களோடு கொண்ட, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் புகழ்பெற்ற ஏட்டை 1909-இல் கிளப்புக்காக அவர் பதிப்பித்தார். மறுவருடம் டெவன்ஷர் டியூக்கின் சாட்ஸ்வர்த் மாளிகையிலிருந்த பத்தாம் நூற்றாண்டு ஆசிச் சடங்கு நூல், புனித ஏதல்வோல்டின் ஏடு, வெளிவந்தது. ஆங்கிலோ-சாக்ஸன் ஓவியத்தின் உச்சம் என்று சொல்லத்தக்கது அது. 1957-இல்தான் அந்த ஏடு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இடைப்பட்ட நாற்பத்தேழு வருடம், டியூக்கின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாத ஆராய்ச்சியாளருக்கு ஓர் ஏற்பாடாக இருந்தது ராக்ஸ்பரோ நகல்தான். 'சொந்தச் செலவில் அச்சிட்டுக் கொடு' என்று நூறு வருடம் முன்பு போட்ட விதி இங்கேதான் முழு வட்டி கட்டியது. பிற்காலத்தில் உறுப்பினர்களுக்குப் போக மீதிப் பிரதிகளை வெளியாருக்கு விற்கவும் தொடங்கினார்கள்.

இந்தக் கிளப்புக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. அந்த விஷயத்தில் நியூயார்க்கின் குரோலியர் கிளப் வேறு மாதிரி. 1884 ஜனவரியில் ராபர்ட் ஹோ என்ற அச்சு எந்திரத் தயாரிப்பாளரின் வீட்டில் ஒன்பது பேர் கூடித் தொடங்கியது அது. ஜான் குரோலியர் பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கருவூல அதிகாரி. தன் புத்தக அட்டைகளில் 'குரோலியருக்கும் நண்பர்களுக்கும் உரியது' என்று லத்தீனில் பொறித்துக்கொண்டவர். அதனால் அந்தப் பெயர். நிறுவனர்களில் அச்சுத் தொழில் தெரிந்தவர்கள் இருந்ததால் புத்தகம் எப்படி உருவாகிறது என்பதில் அவர்களுக்கு ஆர்வம் அதிகம். 1917 முதல் கிழக்கு 60-ஆவது தெருவில் சொந்தக் கட்டடம், பெரிய நூலகம், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய கண்காட்சிகள். உறுப்பினர் மட்டும் தேர்ந்தெடுத்தவர்கள். பொதுமக்களுக்கு எது பிரயோசனம் என்று கேட்டால் நான் குரோலியரைத்தான் சொல்வேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். பெண்களுக்கு இடமில்லை. ரூத் கிரானிஸ் 1906 முதல் 1944 வரை குரோலியர் கிளப்பின் நூலகர். அங்கிருந்த ஒவ்வொரு புத்தகமும் அவருக்குத் தெரியும். உறுப்பினர் ஆக முடியாது. அவர் ஓய்வு பெற்ற அதே 1944-இல் நியூயார்க்கில் பெண்கள் தங்களுக்கென்று ஒரு புத்தகக் கிளப்பைத் தொடங்கினார்கள். பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மடத்தில் இருந்தபடி நாடகம் எழுதிய ராஸ்விதாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். குரோலியர் 1976-இல் கதவைத் திறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் தொடர்பான நூல்களிலும் கையெழுத்துகளிலும் பெரிய சேகரிப்பு வைத்திருந்த மேரி ஹைடு அங்கே முதல் பெண் உறுப்பினர் ஆனார். அவரே பிரிட்டனின் எக்கிள்ஸ் பிரபுவை மணந்தபின், 1985-இல் ராக்ஸ்பரோ கிளப்பிலும் முதல் பெண். 173 வருடம் ஆகியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணமான அந்த 'டெக்கமரான்' என்னவாயிற்று என்று சொல்லாமல் விட்டால் கதை பாதியில் நிற்கும். பிளாண்ட்ஃபோர்டு கண்டபடி செலவழித்துக் கடனில் மூழ்கினார். 1819-இல் அவருடைய நூலகமே ஏலத்துக்கு வந்தது. 2,260 பவுண்டுப் புத்தகம் 918 பவுண்டுக்குச் சரிந்தது. அது போய்ச் சேர்ந்த இடம், ஏழு வருடம் முன்பு பத்து பவுண்டில் தோற்ற ஏர்ல் ஸ்பென்சரின் அலமாரி. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதற்கு இதைவிட மலிவான உதாரணம் கிடைக்காது. 1892-இல் அவருடைய வாரிசு ஆல்தார்ப் நூலகத்தை மொத்தமாக விற்றபோது, வாங்கியவர் என்ரிகேட்டா ரைலண்ட்ஸ். கியூபாவில் பிறந்தவர், மான்செஸ்டர் பருத்தி வியாபாரி ஜான் ரைலண்ட்ஸின் விதவை. கணவர் நினைவாக அந்த ஊரில் ஒரு நூலகம் கட்டிக்கொண்டிருந்தார், அதற்காக வாங்கினார். 1900 ஜனவரி 1 முதல் அது வாசகர்களுக்குத் திறந்திருக்கிறது. ராக்ஸ்பரோ கிளப் எந்தப் புத்தகத்தை அச்சிட்டவர் பெயரில் கோப்பையை உயர்த்தியதோ அந்தப் புத்தகம் மான்செஸ்டரில் பொது வாசகருக்கான நூலகத்தில் இருக்கிறது. அங்கே வைத்தவர், அந்தக் கிளப் தன் மேசையில் உட்கார அன்று இடம் கொடுத்திருக்காத ஒரு பெண்.